அரைப் பேர்

கோத்தகிரி ஜெராக்ஸ் கடையில் பெனசீர் கேட்டாள்:
"காரணம்னு ஒரு கட்டம் இருக்குக்கா, என்ன போட?"
எண்கணிதம், கல்யாணம், மதம், எழுத்துப் பிழை.
இந்த நாலுக்குள் எல்லாரும் அடங்கிவிடுவார்களாம்.
வெளியே பனிமூட்டம் பேங்கை விழுங்கி
ஏ.டி.எம். விளக்கை மட்டும் துப்பியிருந்தது.

எழுத்துப் பிழை இல்லை.
எழுத்தெல்லாம் சரி, ஆள்தான் பிழை.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த நாளில்
சிவபாக்கியம் இருந்தாள், ஒரு வயசு.
பாஸ்போர்ட் கைக்கு வந்த நாளில்
பண்டாரவளைப் பக்கம், பதினோராம் நம்பர் மலையில்
தேயிலைக்கு அடியில் இருந்தாள்.
அம்மா இடுப்பில் நான்.
ஒரு பிள்ளைக்குத்தான் கடுதாசி,
ஒரு பிள்ளைதான் இருந்தது.
கணக்கு நேராகிவிட்டது.

தலைமன்னாரில் ஆபீசர் என்னைத் தூக்கிப் பார்த்து
"நாலு வயசுப் புள்ளையா இது?" என்றாராம்.
"சாப்பாடு அப்பிடிங்க" என்றாராம் அப்பா.
பொய்யில் பாதி உண்மை.

லயத்துக்குள் ரஞ்சிதம்,
வாசலைத் தாண்டினால் சிவபாக்கியம்.
இரண்டுக்கும் திரும்பப் பழகிய கழுத்து.
அவள் பேருக்குப் பரீட்சை எழுதினேன்,
அவள் பேருக்குப் பிரம்படி வாங்கினேன்.
கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பேரையும் போட்டு
நடுவில் ஒரு 'என்கிற' வைத்தார்கள்.
செத்தவள் ஏழு தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறாள்.
செத்தவள் மேல் இன்சூரன்ஸ் இருக்கிறது,
ஒரு தவணை தவறியதில்லை.

எங்கள் மலையில் பேர் என்றால் கூலி.
அந்தி வரைக்கும் எடுத்தால் ஒரு பேர்.
மழை கட்டி மதியத்தோடு இறக்கிவிட்டால் அரைப் பேர்.
"இந்த மாசம் எத்தனை பேரு?" என்று கேட்டால்
யாரும் ஆளை எண்ணுவதில்லை.

"பேரைத்தான் மாத்தலாம்" என்றார் நோட்டரி ஹாலன்.
"பொறந்த தேதி கெஜட்ல மாறாது.
அதுக்குக் கோர்ட்டு, வேற வழி, வேற செலவு."
இருக்கட்டும் என்றேன்.
மூன்று வருஷம் முந்தியே ரிட்டயர் ஆவேன்.
அவளுக்கென்று அந்த ஒரு நாளாவது நிற்கட்டும்.
ஆவணி ஒன்பது. கேக் வெட்டியதில்லை,
அந்தக் காலையில் மட்டும் சீனி கூடப் போட்டுக் குடிப்பேன்,
ஏனென்று வீட்டுக்காரருக்குத் தெரியாது.

அப்புறம் அந்தக் கட்டம்.
பெனசீரின் விரல் கீ போர்டு மேலேயே நின்றது.
ஐப்பசியில் அம்மா போனாள்.
வீட்டுக்காரருக்கு நான் "இந்தா".
பிள்ளைகளுக்கு "ம்மா".
ரஞ்சிதம் என்று கூப்பிட இனி ஒரு வாய் இல்லை,
கவர்மெண்டாவது கூப்பிடட்டும்.
இதைச் சொன்னேன்.
அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல்
'சொந்த விருப்பம்' என்று அடித்தாள்,
ஜெராக்ஸுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டாள்.

அரசிதழ் தை கடைசியில் வந்தது.
ஏதோ ஊர்க்காரர்களின் பழசும் புதுசுமான பேர்களுக்கு நடுவே
மூன்று வரி.
சிவபாக்கியம் ஆகிய நான்
இனிமேல் ரஞ்சிதம் என அழைக்கப்படுவேன்.
அக்காவுக்குக் கல் நட்டதில்லை,
கருமாதிக்கு ஓலை போகவில்லை.
அவள் முடிந்துபோனதாக
அச்சில் வந்தது இது ஒன்றுதான்,
அதிலும் பேசுவது நான்.
மடித்து அரிசி டின்னுக்குள் வைத்தேன்,
மறுபடி எடுத்துப் படித்தேன்.

திங்கள் காலை ஏழரை மணி மஸ்டர்.
ஆபீசில் ஒரு நகல் கொடுத்து ஒரு வாரம்.
சூப்பர்வைசர் கையில் புது செக்ரோல், வாயில் பழைய பழக்கம்.
"சிவபாக்கியம்."

நாற்பது வருஷம் சொன்ன பதில்
நாக்கு நுனி வரைக்கும் வந்தது.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.
வரிசையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் கீழ்ச்சரிவைப் பார்த்தேன்,
பனிக்குள் யாராவது கூடையோடு ஏறி வருகிறார்களா என்று.

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்துவிட்டு
"ரஞ்சிதம்" என்றார்.
வந்திருக்கேன் என்றேன்.

பதினொன்றரைக்கு மழை பிடித்தது.
நிறுவைக்கு ஒன்பது கிலோதான்.
புதுப் பேருக்கு நேரே
முதல் நாள்
அரைப் பேர் விழுந்தது.